சுபைதா பீவியும் நீங்களும் நானும்

மச்சான்,

நேற்று பெரிய மார்க்கெட்டிலிருந்து கீரையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு வந்தேன். எதிரே வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி என் கையைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கும்படி கையில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தால், பை. நம் மகள் பரீதா கடற்கரைச் சாலைக் கடையில் வாங்கிவந்த துணிப்பை. நீலச் சாயத்தில் உங்கள் கப்பல், பாயெல்லாம் விரித்துக்கொண்டு நிற்கிறது. அடியில் தமிழில் ஒரு தடவையும் பிரெஞ்சில் ஒரு தடவையும் 'சுபைதா பீவி' என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெண் தன் தோளில் தொங்கிய பையைத் தட்டிக் காட்டினாள். அதே பைதான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

எனக்கு வந்த கோபத்தில் கீரைக்கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பையைச் சுருட்டி முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். எந்தப் பெயரைக் கேட்டு முப்பது வருடத்துக்கு மேல் வயிறெரிந்தேனோ, அதை நானே சுமந்துகொண்டு ஊரைச் சுற்றியிருக்கிறேன். பரீதாவிடம் சத்தம் போட்டேன். "அத்தாவோட கப்பல்னுதானேம்மா வாங்கியாந்தேன்" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளிடம் நான் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு நிறைய இருக்கிறது, நீங்கள் போன பிறகு நடந்தது உட்பட.

ஆரம்பத்திலிருந்தே வருகிறேன். எங்கே போய்விடப் போகிறீர்கள்?

கல்யாணமான புதிது. உங்கள் அம்மா, என் மாமி, முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். "ஒனக்குத் தெரியுமா மைமூன், எம் மவனுக்குக் கப்பல்கார மரைக்காயரு அவரு பொண்ணயே பேசுனாரு. அந்தச் சுபைதாவ. நாங்கதான் பெரிய எடம் நமக்கு எதுக்குன்னு உட்டுட்டோம்." சொல்லிவிட்டு ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார்கள். எனக்கு அப்போது குழம்புகூடச் சரியாக வைக்க வராது. வயிறெரிவது மட்டும் அன்றைக்கே நன்றாக வந்துவிட்டது.

மரைக்காயரைத் தெரியாதவர் இந்த ஊரில் உண்டா? தேங்காய்த்திட்டில் ஆற்றோரம் அவருக்குக் கப்பல் கட்டும் பட்டறை இருந்தது. உங்கள் அத்தா அங்கே தலைமை ஓடாவி, கப்பல் தச்சர். பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்திலேயே மரத்தில் கப்பல் கட்டிக் கடலில் விட்ட மனிதர். மரைக்காயர் வீட்டு வழக்கம், தலைப்பெண் பிறந்தால் அடுத்து இறக்கும் கப்பலுக்கு அந்தப் பிள்ளையின் பெயரை வைப்பது. சுபைதா பிறந்தாள், உங்கள் அத்தா கையால் மூன்று பாய்மரத்தோடு சுபைதா பீவியும் பிறந்தது. வெங்காயமும் ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும், வரும். நீங்கள் மீசை முளைத்த நாளிலிருந்து அந்தப் பட்டறையில் வேலை செய்தீர்கள். கொழும்பு வரைக்கும் அதில் போயும் வந்தீர்கள். இதெல்லாம் நீங்களே சொன்னது. சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சுபைதா ஒரு சொல்தாவைக் கட்டிக்கொண்டு பாரிசுக்குப் போய்விட்டாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரைச் சொல்தா என்றுதான் இங்கே சொல்வோம். அவளோடு கப்பலும் போயிருந்தால் நான் பாட்டுக்கு நிம்மதியாகக் குடித்தனம் நடத்தியிருப்பேன். கப்பல் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

ஒரு சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் தூரத்தில் நங்கூரம் போட்டிருந்த கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் கேட்டேன்: "அவளக் கட்டிக்கணும்னு ஒங்களுக்கு ஆசையா இருந்துச்சா?" நீங்கள் சிரித்தீர்கள். "நீ கேக்கறது நல்லாருக்கு மைமூன், இன்னொரு தரம் கேளு" என்றீர்கள். 'இல்லை' என்று மூன்றெழுத்தில் ஒரு சொல் தமிழில் இருக்கிறது. அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. எத்தனையோ தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் சிரிப்புதான் பதில்.

பிறகு லாரி வந்தது, இயந்திரக் கப்பல் வந்தது. பாய்மரக் கப்பலைச் சீண்ட ஆள் இல்லை. மரைக்காயர் காலமானார். பட்டறை போயிற்று. சுபைதா பீவியை ஆற்றின் ஒதுக்குப்புறத்தில் கட்டிப்போட்டார்கள். மழை பெய்து, மண் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்தது. நீங்கள் முதலியார்பேட்டையில் மரவாடி வைத்தீர்கள். பரீதா பிறந்தாள். கதவு, ஜன்னல், கட்டில் என்று உங்கள் காலம் போயிற்று. அந்தச் சுபைதா பீவியை நான் மண்ணோடு மறந்துவிட்டேன். எத்தனையோ வருடம் நிம்மதியாகத் தூங்கினேன் மச்சான்.

உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது அதற்கப்புறம்தான். டாக்டர் கனம் தூக்காதீர்கள், வெயிலில் அலையாதீர்கள், வீட்டில் இருங்கள் என்று சொல்லி அனுப்பினார். நீங்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். நானோ உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். சொன்னால் தப்பாக நினைப்பார்கள், நினைத்துக்கொள்ளட்டும். மரவாடியை மருமகனிடம் விட்டாயிற்று. இனி நீங்கள் காலையில் என்னோடு டீ குடிப்பீர்கள், மத்தியானம் என்னோடு சாப்பிடுவீர்கள், நாகூருக்குப் போவோம், சாயங்காலம் கடற்கரையில் நடப்போம். கல்யாணமானதிலிருந்து மரத்தூளோடு பங்கு போட்டுக்கொண்டிருந்த ஆள் முழுசாக எனக்குக் கிடைக்கப் போகிறார் என்று கணக்குப் போட்டேன்.

சுனாமி வந்து என் கணக்கைக் கலைத்தது.

ஊரெல்லாம் அழுது முடித்துக் கொஞ்சம் மூச்சு விட்டிருந்த நேரம். உங்களிடம் பழைய நாளிலிருந்து வேலை பார்த்த ஏழுமலை, தேங்காய்த்திட்டிலிருந்து சைக்கிளில் வந்து வாசலிலிருந்தே கத்தினான். "மேஸ்திரி! ஆத்துல மண்ணெல்லாம் பொரண்டு போச்சு. மூக்கு வெளிய தெரியுது. நம்ம சுபைதா பீவி மேஸ்திரி!" 'நம்ம' சுபைதாவாம். நீங்கள் மீன் குழம்பில் கை வைத்திருந்தீர்கள். பாதிச் சோற்றில் கையைக் கழுவினீர்கள். என் மீன் குழம்பைப் பாதியில் விட்டு நீங்கள் எழுந்தது அதுதான் முதல் தடவை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அவன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனீர்கள். போனவர்தான். அதற்குப் பிறகு முழு மனிதராக நீங்கள் வீட்டுக்குத் திரும்பவே இல்லை.

ஒயிட் டவுனில் பழைய வீடுகளைச் செப்பனிடும் வெள்ளைக்கார மதாம் ஒருத்தி இருந்தாள். நீங்கள் அவளுக்கு ஜன்னல் கதவு செய்து கொடுத்திருக்கிறீர்கள். அவளைக் கூட்டிப்போய்க் காட்டினீர்கள். அவள் யார் யாரையோ பார்த்தாள், அனுமதி வாங்கினாள். கப்பலை மண்ணிலிருந்து எடுத்து, கரையேற்றி, பழையபடி ஆக்கி, ஊர் பார்க்க நிறுத்தப் போவதாக முடிவாயிற்று. வேலைக்குத் தலைவர் நீங்கள். "ஒக்காந்த எடத்துலேருந்து சொல்றதுதான் மைமூன், கையால ஒண்ணும் தொட மாட்டேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள். சாயங்காலம் வந்தபோது உள்ளங்கையெல்லாம் குங்கிலியம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நீங்கள் வருவது நின்றது. கேரியரை யாரிடமாவது கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நானே ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்தேன், அவளை ஒரு பார்வை பார்த்துவிடலாமென்று. கப்பலா அது? விலா எலும்பு தெரியக் கிடந்த கிழவி. இதற்கா இவ்வளவு என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. சுற்றி வந்து பார்த்தால் நீங்கள் நிழல் பக்கமாக நின்று, கன்னத்தைப் பலகையோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். மரச்சுத்தியால் மெல்ல ஒரு தட்டு. காது வைத்துக் கேட்பது. நகர்ந்து இன்னொரு தட்டு. சத்தம் நன்றாக வந்தால் சாக்கட்டியால் ஒரு கோடு, அந்தப் பலகை தங்கும். பொத்தென்று வந்தால் அதைக் கழற்றிவிட வேண்டும். அதுதான் வேலையின் முறை என்று பிறகு சொன்னீர்கள். எனக்கு முறையா தெரிந்தது? இத்தனை வருடத்தில் என் நெஞ்சில் நீங்கள் ஒருநாளாவது அப்படிக் காது வைத்துக் கேட்டதுண்டா?

"என்னா சொல்றா?" என்றேன் பின்னாலிருந்து.

திடுக்கிட்டுத் திரும்பினீர்கள். என்னைப் பார்த்ததும் அதே சிரிப்பு. "நல்லாருக்கேன்னு சொல்றா. இன்னும் கொஞ்ச காலம் இருப்பேங்கறா."

"அவ இருப்பா. நீங்க இருக்கணுமே, மாத்திரை போட்டீங்களா?"

போடவில்லை. சட்டைப் பையில் அப்படியே இருந்தது. ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். கேரியரை அவன் கையில் திணித்துவிட்டு வந்த ஆட்டோவிலேயே திரும்பினேன். அன்றைக்கு உங்களுக்குச் சுடுசோறு கிடைத்ததே பெரிது.

வீட்டில் அடுக்களை ஜன்னலின் கீல் ஒடிந்து எத்தனை காலமாகக் கயிற்றில் தொங்கியது, நினைவிருக்கிறதா? ஊருக்கெல்லாம் ஜன்னல் செய்தவர் வீட்டில். அதைச் சொன்னால் "நாளைக்கு" என்பீர்கள். நாளைக்கு விடிந்ததும் அவளுக்குக் கலப்பத்து அடிக்க ஓடுவீர்கள். கலப்பத்து என்றால் என்னவென்று எனக்கே தெரியும் அளவுக்கு அந்தப் பேச்சு இந்த வீட்டில் நடந்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைத் திரித்துத் திணித்து, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவது, தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது. தலையணை உறைவரைக்கும் அந்த வாசனை ஏறிவிட்டது. நான் உறையைத் துவைத்துத் துவைத்துப் பார்த்தேன். போகவில்லை.

பெயர் எழுதும் நேரம் வந்தது. அதற்குள் பாதிப் பலகைக்கு மேல் புதிதாக மாற்றியாகிவிட்டது. நான் விட்டேனா? "இவ்ளோ புதுப் பலகை போட்டிருக்கீங்க, புது ஆணி அடிச்சிருக்கீங்க, பாயும் புதுசு. பேரு மட்டும் எதுக்குப் பழசு? வேற பேரு வெக்கச் சொல்லுங்க அந்த மதாம."

"என்னா பேரு வெக்கலாம்?" என்றீர்கள், ஒன்றும் தெரியாதவர் போல.

என் வாயால் நானே எப்படிச் சொல்வது? மைமூன் என்றும் ஒரு பெயர் இருக்கிறது. கப்பலுக்கு வைத்தால் முழுகியா போய்விடும்? நீங்கள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "பலகைய மாத்தலாம் மைமூன். பேர மாத்துனா அது வேற கப்பல்." நியாயமான பேச்சுதான். நியாயமான பேச்சு மாதிரி எரிச்சல் தருவது உலகத்தில் வேறொன்றும் இல்லை. இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. நீங்கள் அதைக் கவனித்தீர்களோ என்னவோ.

பாய்மரம் நிறுத்துவதுதான் பெரிய சண்டை.

பழைய நடுமரம் உளுத்துப் போயிருந்தது. அதைப் பிடுங்கியபோது, மரம் உட்காரும் குழியில் ஒரு குழந்தைத் தோடு கிடைத்தது, மிளகளவு. மரம் நிறுத்தும்போது அந்தக் குழியில் பொன் வைப்பது ஓடாவிகளின் வழக்கம் என்று சொன்னீர்கள். யார் வீட்டுக் கப்பலோ அந்த வீட்டுப் பெண்ணுடையது வைப்பார்கள். மரைக்காயர் தன் மகளின் காதிலிருந்து கழற்றிக் கொடுத்தது அது. மதாம் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க எடுத்துக்கொண்டாள். இப்போது குழி காலி. வெறுங்குழியில் மரம் நிறுத்த ஏழுமலை ஒப்பவில்லை. "காலிக் குழில நிக்கற மரம் காத்துக்கு நிக்காது மேஸ்திரி" என்றானாம். மரைக்காயர் வீட்டார் யாரும் ஊரில் இல்லை. வேலையை எடுத்து நடத்துகிறவர் வீட்டுப் பெண்ணிடம் வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள்.

நீங்கள் வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீரெல்லாம் மொண்டு கொடுத்துவிட்டுக் கேட்டீர்கள். "ஒன் கருகமணிலேருந்து ஒரே ஒரு பொன்மணி குடேன் மைமூன்."

நீங்கள் கட்டிய கருகமணி. அதிலிருந்து ஒரு மணி. அவள் பெயர் எழுதிய கப்பலின் மரத்தடிக்கு. எனக்குக் காதில் புகை வந்தது. "அவ தோடுதான் இருந்துச்சே, அதையே திரும்ப வெக்க வேண்டியதுதானே! அவ வூட்டுக்கு என் பொன்னு எதுக்கு? குடுக்க மாட்டேன்." நீங்கள் வற்புறுத்தவில்லை. "சரி" என்று எழுந்து போனீர்கள். இன்றைக்குக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

மரம் நிறுத்தி நாலைந்து நாள் கழித்து உங்களுக்குச் சோறு போடும்போது பார்த்தேன். விரலில் வெள்ளையாக ஒரு வளையம், மோதிரம் இருந்த இடம். நிக்காஹ் அன்று என் அத்தா உங்களுக்குப் போட்ட வெள்ளி மோதிரம். குளிக்கும்போதும் கழற்றாதது. "எங்கே?" என்றேன். "வேலைல கழட்டி வெச்சேன்" என்றீர்கள். எங்கே கழற்றி வைத்தீர்கள் என்று ஏழுமலையைப் பிடித்து உலுக்கியதில் கக்கினான். "பாயம்மா, கோச்சுக்காதீங்க. பொன்னு இல்லன்னதும் மேஸ்திரி மோதிரத்தக் கழட்டிக் குழில போட்டாரு. 'என் வூட்டுக்காரி வூட்டுது, இதுவும் அவளோடதுதான்'னாரு. அதுக்கு மேலதான் மரம் நிக்குது."

என்னுடையதுதான் என்று சொன்னீர்களாம். அதைக் கேட்டுக் குளிர்ந்துபோவேன் என்று ஏழுமலை எதிர்பார்த்தான். எனக்கோ, என் வீட்டு மோதிரம் அவளைத் தாங்கிக்கொண்டு கிடக்கிறதே என்றுதான் பற்றிக்கொண்டு வந்தது. உங்களிடம் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பீர்கள்.

கப்பலைத் தண்ணீரில் இறக்க இன்னும் சில வாரங்கள் இருந்தபோது நீங்கள் போய்விட்டீர்கள். விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "மைமூன், டீ" என்றீர்கள். டீயோடு வந்தேன். அவ்வளவுதான். கப்பலில் இல்லை, பட்டறையில் இல்லை, என் வீட்டில், என் பெயரைச் சொல்லி. அந்த ஒன்றில் நான் அவளை ஜெயித்தேன் என்று அழுகைக்கு நடுவிலும் நினைத்தேன். நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் இத்தாவில் உட்கார்ந்தேன். கணவன் இறந்தவள் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருக்கும் காலம். வெள்ளைச் சேலை, நான்கு சுவர், வந்து போகும் பெண்கள். அந்தக் காலத்துக்குள்தான் அவளுக்கு விழா வைத்தார்கள். பரீதா போய்விட்டு வந்து சொன்னாள்: மேளமாம், கொடியாம், மூன்று மரத்திலும் மாலையாம், அத்தா பெயரை மைக்கில் சொன்னார்களாம். உங்களை இழந்தவள் நான் உள்ளே இருக்கிறேன். உங்களை எடுத்துக்கொண்டவள் பூவும் மாலையுமாக வெளியே நிற்கிறாள். இது எந்த ஊர் நியாயம் மச்சான்? அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் பகல், வாசலில் ஒரு கார் நின்றது. பரீதா ஓடிவந்து, "ம்மா, பாரிசுலேருந்து வந்திருக்காங்களாம். கப்பலுக்கு யாரு பேர வெச்சாங்களோ, அவங்க!" என்றாள்.

முப்பது வருடத்துக்கு மேல் என் தலைக்குள் ஒரு சுபைதா இருந்தாள். கொடி மாதிரி உடம்பு, நீளச் சடை, காலில் கொலுசு. உள்ளே வந்தது பருமனான ஓர் அம்மாள். இரண்டு படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஸலாம் சொல்லிவிட்டு, நீங்கள் கடைசியாக உட்கார்ந்த நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். கையில் சாக்லேட் டப்பா. "சக்கரை இருக்கறவங்களுக்கு வேணாம்மா, புள்ளைங்களுக்குக் குடுங்க. எனக்கும் சக்கரைதான்" என்றாள்.

"கப்பல இவ்ளோ அழகா ஆக்கிக் குடுத்தவரு வூட்டுக்கு வராமப் போக மனசு கேக்கல. மௌத்தாயிட்டாருன்னு மதாம் சொன்னாங்க. அத்தாவையே திரும்பப் பாத்த மாரி இருந்துச்சும்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பேச்சில் குத்திப் பார்க்க நான் ஊசியை எடுத்தேன். "ஒங்களுக்கு அவர நல்லாத் தெரிஞ்சிருக்குமே."

அவள் யோசித்தாள். "இல்லீங்களே. அத்தா பட்டறைல எத்தினியோ பேரு வேல செஞ்சாங்க. பொம்பளப் புள்ளைங்கள அந்தப் பக்கம் வுட மாட்டாங்க. யாரையும் தெரியாது."

"ஒங்களுக்கும் அவருக்கும் பேசுனாங்களாமே."

"எனக்கா?" விழுந்து விழுந்து சிரித்திருப்பாள், துக்க வீடாயிற்றே என்று அடக்கிக்கொண்டாள். "நான் பொறந்தப்பவே எங்க மாமு மவனுக்குன்னு முடிவு பண்ணிட்டாங்கம்மா. அவருதான் சொல்தாவாப் போனாரு. இப்ப அவரும் இல்ல, அவரு பான்சியோன் பணம் மட்டும் வருது. யாரு சொன்னா ஒங்களுக்கு இப்பிடி?"

உங்கள் அம்மா சொன்னார்கள். மகனுக்குக் கௌரவம் சேர்க்க அரிசி புடைக்கும்போது புடைத்த கதை. அது உங்களுக்கும் தெரியும்! தெரிந்துகொண்டே, நான் எரிவதைப் பார்க்க நன்றாக இருக்கிறது என்று இத்தனை வருடம் உட்கார்ந்து ரசித்திருக்கிறீர்கள். நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு நம் வீட்டில் ஒரு பாத்திரம் முழுசாக இருந்திருக்காது.

அப்போதே எனக்குப் பெருநாள் பிறை கண்ட சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அவளுக்கும் உங்களுக்கும் ஒன்றுமே இல்லை. அவள் உங்களைப் பார்த்ததுகூட இல்லை. நான் பாட்டுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். வரவில்லை மச்சான், அந்தச் சந்தோஷம் வரவே இல்லை. அவள் 'யாரையும் தெரியாது' என்று சொன்னபோது உங்கள் முகம்தான் கண்ணில் வந்தது. நெஞ்சுவலியோடு வெயிலில் நின்று கன்னத்தைப் பலகையில் ஒட்டிவைத்திருந்த முகம். அவள் பெயரை அழியாமல் எழுதி நிறுத்திவிட்டுப் போயிருக்கிறீர்கள், அவளுக்கு நீங்கள் பட்டறையில் எத்தினியோ பேரில் ஒருவரா? இவ்வளவு நாள் அவள் உங்களை நினைத்துவிடுவாளோ என்று எரிந்தவள், அன்றைக்கு நினைக்காமல் எப்படி இருக்கலாம் என்று எரிந்தேன்.

"தெரியாதுன்னு சொல்லாதீங்க. ஒக்காருங்க" என்றேன். உட்கார்ந்துதான் இருந்தாள்.

ஆரம்பித்தேன். பரீதா டீ கொண்டுவந்தாள், ஆறியது, மறுபடி கொண்டுவந்தாள். நான் நிறுத்தவில்லை. கயிறு பிடிக்காமல் பாய்மரத்தில் ஏறுவீர்கள் என்று சொன்னேன். உச்சியில் உட்கார்ந்து சீட்டி அடித்தால் காற்று வரும் என்று ஏழுமலையை நம்ப வைத்ததைச் சொன்னேன். எதையும் சாணால்தான் அளப்பீர்கள், பரீதா பிறந்த அன்றைக்குத் துணியில் சுற்றியிருந்த பிள்ளையையும் சாண் போட்டு அளந்து "ரெண்டரை இருக்கா" என்றீர்கள் என்று சொன்னேன். பெரிய மரத்தைத் தனியாகப் புரட்டுகிற ஆள் பல்லிக்குப் பயந்து கட்டில்மேல் ஏறி நின்றதைச் சொன்னேன். முள் எடுத்துக் கொடுத்தால்தான் மீன் சாப்பிடுவீர்கள் என்பதைச் சொன்னேன். கேரம் ஆட்டத்தில் ஏமாற்றுவதைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாததெல்லாம் சொன்னேன். மோதிரத்தை மட்டும் சொல்லவில்லை. அது எனக்கும் உங்களுக்கும் ஏழுமலைக்கும் தெரிந்தால் போதும்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் சட்டென்று கையைத் தூக்கினாள். "இருங்க. மரத்து மேல ஒக்காந்து சீட்டி அடிப்பாரா? எங்க மாடி ஜன்னலுக்கு அந்தச் சத்தம் கேக்கும்மா. யாரோ ஒருத்தரு சாயங்காலத்துல அடிப்பாரு. ஆள் தெரியாது. எங்கம்மா ஜன்னல சாத்தும். நான் திரும்பத் தொறப்பேன். அவரா அது?"

பட்டறையில் எத்தனை ஆள் இருந்தார்கள், எத்தனை பேர் சீட்டி அடித்தார்கள்! எனக்கு எப்படித் தெரியும் மச்சான்? நான் அப்போது உங்களைப் பார்த்ததே இல்லையே. ஆனாலும், "அவரேதான்" என்றேன். அடித்துச் சொன்னேன்.

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். "அவரா" என்று தனக்குள்ளேயே இன்னொரு தடவை சொன்னாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மெர்சிம்மா, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள். கார் போனது. அதற்குப் பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று உறைத்தது. இல்லாத சக்களத்தியை இத்தனை வருடம் வேலி போட்டுத் தடுத்துவிட்டு, கடைசியில் நானே வாசலில் உட்காரவைத்து உங்களை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வந்தபோது ஒரு சாக்லேட் டப்பாவோடு வந்தாள். போகும்போது ஒரு சீட்டிச் சத்தத்தோடு விமானம் ஏறினாள்.

போன பெருநாளைக்கு அவள் போன் செய்தாள். பெருநாள் வாழ்த்துச் சொன்னாள், முழங்கால் வலி சொன்னாள், குளிரைச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒங்க வூட்டுக்காரரு முந்தாநாள் என் கனவுல வந்தாரும்மா. எங்க மாடி ஜன்னல்லேருந்து பாக்கறேன், மரத்து மேல ஒக்காந்து சீட்டி அடிக்கிறாரு. அவ்ளோ சந்தோசமா இருந்துச்சு."

இத்தாவில் நான்கு சுவருக்குள் இருந்தபோதும் சரி, அதற்குப் பிறகும் சரி, என் கனவில் நீங்கள் ஒருநாளும் வந்ததில்லை. துஆ செய்துவிட்டு, உங்கள் பக்கத்துத் தலையணையைத் தட்டிப்போட்டுவிட்டுத்தான் படுக்கிறேன். வருவதில்லை. அவ்வளவு தூரம் பாரிசுக்குப் போகத் தெரிகிறது உங்களுக்கு. வயிறெரிகிறது என்று சும்மா சொல்வார்கள். எனக்கு நிஜமாகவே எரிந்தது, கையை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"மொகம் எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அதாம்மா தெரியல. மேலதானே ஒக்காந்திருந்தாரு, வெயிலு கண்ணக் கூசுச்சு. மதாம் அனுப்புன படத்துலயும் எல்லாத்துலயும் முதுகுதான் தெரியுது, பலகையப் பாத்துக்கிட்டு நிக்கறாரு. ஒரு போட்டோ இருந்தா அனுப்புங்களேம்மா. மொகத்தப் பாத்துக்கறேன்."

பீரோவைத் திறந்தேன். சேலைக்கு அடியில் நீங்கள் இருக்கிறீர்கள். நிக்காஹ் அன்று மாலையோடு விறைத்துக்கொண்டு ஒன்று. பரீதாவை மடியில் வைத்துக்கொண்டு ஒன்று. நாகூர்க் கடற்கரையில் நான் என்னவோ திட்ட, அந்தச் சிரிப்பைச் சிரித்துக்கொண்டு ஒன்று. எல்லாவற்றையும் கட்டில்மேல் பரப்பினேன். ஒரு கையில் போன் இருந்தது.

"அவரு போட்டோவே எடுத்துக்கிட்டது இல்லம்மா" என்றேன். "அவருக்குப் பிடிக்காது."

நீங்கள் கட்டில்மேல் இருந்து சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

மைமூன்